கொலோனோஸ்கோபிக்குப் பின் வீட்டுக்கு வந்து வயிறு நீவிவிடும் பிசியோதெரபி: ஒரு மதிப்புரை

கடந்த மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை, செய்யப்பட்டது. என் அண்ணனுக்கு 54 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதனால் உடன்பிறந்தவர்கள் 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு வயது 47. ஏழு ஆண்டுகள் கடத்திவிட்டே போய்ப் படுத்தேன். நல்லவேளையாகப் பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) எதுவும் இல்லை, திசு எதுவும் கிள்ளி எடுக்கப்படவும் இல்லை. ஆனால் வீடு திரும்பிய மாலையிலிருந்து இடது விலாவுக்கு அடியில் காற்று அடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிடும்போதெல்லாம் ஒரு குத்தல். மறுநாளும் அது விடாததால், வீட்டுக்கே வந்து வயிறு நீவிவிடும் ஒரு பிசியோதெரபி நிலையத்தின் சேவையைப் பெற்றேன். அதைப் பற்றிய மதிப்புரை இது. சில குறைகளையும் சொல்லப்போவதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சேவையை எடைபோடுவதற்கு முன், அது தீர்க்க வந்த தொல்லை எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஒரு வருகைக்கு அவர்கள் வாங்கிய 800 ரூபாய் அதிகமா குறைவா என்று சொல்ல அளவுகோல் இருக்காது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. காலியாக இருக்கும்போது அது காற்றுப்போன சைக்கிள் டியூபைப் போல மடிந்து கிடக்கும். உட்சுவரைப் பார்க்க வேண்டுமானால் அதை ஊதித்தான் ஆக வேண்டும். குழாயை வலது கோடி வரை செலுத்திவிட்டு, வெளியே இழுத்துக்கொண்டே வரும்போதுதான் மருத்துவர் நிதானமாகச் சுவரைப் பார்க்கிறார். இந்தத் திரும்பும் பயணத்துக்குக் குறைந்தது 6 நிமிடமாவது ஒதுக்க வேண்டும் என்பது மருத்துவர்களிடையே உள்ள தர அளவு. அவ்வளவு நேரமும் குடல் விரிந்தே இருக்க வேண்டும். வெளியே வரும்போது காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள் என்றாலும் முழுவதும் எடுத்துவிட முடிவதில்லை. எஞ்சிய காற்று மேலே ஏறிப் போய்த் தங்குவதற்குக் குடலில் இரண்டு வளைவுகள் இருக்கின்றன. வலப்பக்க வளைவு கல்லீரலுக்குக் கீழேயும், இடப்பக்க வளைவு மண்ணீரலுக்கு அருகேயும் உள்ளன. இரண்டில் இடப்பக்கத்தது கூடுதல் உயரத்திலும் கூர்மையாகவும் இருக்கிறது. என் குத்தல் அந்த இடத்தில்தான்.

இதில் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. ஊதுவதற்குச் சில மருத்துவமனைகளில் அறைக்காற்றையும், சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடையும் பயன்படுத்துகிறார்கள். அறைக்காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதைக் குடற்சுவர் எளிதில் உறிஞ்சுவதில்லை என்பதால், பெரும்பகுதி வந்த வழியே வெளியேற வேண்டியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடோ குடற்சுவர் வழியாக விரைவில் இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறிவிடுகிறது. அப்படிச் செய்துகொண்டவர்களுக்குப் பிந்தைய உப்புசமும் வலியும் குறைவு. எனக்குச் செய்தது அறைக்காற்றால். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு. முன்பே கேட்டிருந்தால் இந்த மதிப்புரையை எழுதும் தேவையே வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

வலி முழுவதற்கும் காற்றுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. குழாய் உள்ளே போகும்போது, குறிப்பாக இடது அடிவயிற்றில் நெளிந்து கிடக்கும் பகுதியில், அது வளையம் போலச் சுருண்டுகொள்ளப் பார்க்கும். அப்போது குடலைத் தாங்கிப் பிடித்திருக்கும் சவ்வு இழுபடுகிறது. சுருளாமல் தடுக்க, பக்கத்தில் நிற்கும் செவிலியர் வெளியிலிருந்து வயிற்றைக் கையால் அழுத்திப் பிடிப்பதும் வழக்கம். மயக்கத்தில் இருந்த நமக்கு இது தெரியாது. மறுநாள் தொட்டால் நோகும்போதுதான் தெரியும். இந்த நோவுக்கு நீவிவிடுவதால் ஒரு பயனும் இல்லை, கை பட்டால் கூடவே செய்யும். ஆகவே எது காற்று, எது நோவு என்று பிரித்தறியத் தெரிந்த கையாக இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. என் மாமியார் பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டார்; அதனால் கெடுதல் இல்லை என்பதால் மறுக்கவில்லை. ஆனால் அடுத்ததாக, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பாட்டியிடம் போய்க் குடலேற்றம் தட்டிக்கொண்டு வரச் சொன்னபோது மறுத்துவிட்டேன். குழந்தைகளுக்கு எண்ணெய் தடவி, வயிற்றையும் முதுகையும் நீவித் தட்டிவிடும் அந்தப் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. எனக்கே சிறுவயதில் செய்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் தொக்கணம் என்ற நீவல் சிகிச்சையிலும் தட்டல், முறுக்கல், அழுத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லப்படுகின்றன. அவை மூட்டுக்கும் தசைக்கும் பயன்படும் இடங்கள் உண்டு. ஊதி விரிக்கப்பட்டு இருபத்துநான்கு மணி நேரமே ஆன குடலின் மேல் தட்டுவதும் முறுக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிட அச்சம் தந்தது தொலைபேசியில் நான் முதலில் அழைத்த ஒரு மசாஜ் நிலையம். நகரில் விளம்பரப் பலகை வைத்திருப்பவர்கள்தாம். கொலோனோஸ்கோபி செய்திருக்கிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஒரு மணி நேரம் நன்றாக அழுத்தி எடுத்துவிடுவோம், குடலில் படிந்திருக்கும் கழிவெல்லாம் வந்துவிடும், நேரம் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார் எதிர்முனையில் இருந்தவர். பரிசோதனைக்கு முந்தைய நாள் இரவும் அன்று விடியற்காலையும் இரண்டு லிட்டர் பேதி மருந்தைக் குடித்து, கடைசியில் வெறும் மஞ்சள் நீராகப் போகும் வரை கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தவள் நான். படிந்திருந்த கழிவு எதுவும் மிச்சமில்லை என்பதற்கு மருத்துவமனை எடுத்துக் கொடுத்த வண்ணப்படங்களே சாட்சி. பாலிப் எடுத்தார்களா, இரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு மருத்துவமனைக்கே அழைத்தேன். டிஸ்சார்ஜ் தாளில் இருந்த எண்ணில் பேசிய செவிலியர், காற்று பிரிகிறதா, வயிறு கல் போல இறுகியிருக்கிறதா, வாந்தி வந்ததா, காய்ச்சல் அடிக்கிறதா, இரத்தம் கண்டதா, தோள்பட்டையில் வலி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். தோள்பட்டை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உதரவிதானத்துக்கு அடியில் காற்றோ இரத்தமோ தேங்கினால் வலி அங்கே தெரியும் என்று பிறகு அறிந்தேன். குடலில் துளை விழுவது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் நேர்கிறது. ஆனால் நேர்ந்துவிட்டால் அது அறுவை மேசை வரை கொண்டுபோகும் விஷயம். மற்ற எல்லாவற்றுக்கும் என் பதில் ‘இல்லை’ என்பதாலும், காற்று சிறிது சிறிதாகப் பிரிந்துகொண்டிருந்ததாலும், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மென்மையாக நீவுவதற்குத் தடையில்லை என்று சொன்னார். அந்த ஒப்புதல் கிடைத்த பிறகே பிசியோதெரபி நிலையத்தை அழைத்தேன்.

வருவதாகச் சொன்ன நேரம் மாலை 4 மணி, வந்தது 4.40. இது முதல் குறை. வலியோடு காத்திருப்பவர்களுக்கு நாற்பது நிமிடம் நீண்டது. ஒரு தொலைபேசி அழைப்பாவது வந்திருக்கலாம். வந்தவர் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். பெண்ணாக இருக்க வேண்டும் என்று நான் பதிவு செய்யும்போதே கேட்டிருந்தேன், அதை மாற்றாமல் அனுப்பினார்கள். கை கழுவிக்கொண்டு வந்தவர் வயிற்றின் பக்கமே போகவில்லை. டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டு வாங்கி, முழுவதும் படித்தார். பாலிப் இல்லை, பயாப்ஸி (சோதனைக்குத் திசு எடுத்தல்) இல்லை என்ற வரிகளை விரலால் தொட்டுக் காட்டி, இது சரிதானே அம்மா என்று என்னிடம் உறுதி செய்துகொண்டார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேனா, குடலிறக்கம் உண்டா, சிசேரியன் உள்பட வயிற்றில் அறுவை எப்போது நடந்தது, கருவுற்றிருக்க வாய்ப்புண்டா, பெருந்தமனி வீக்கம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். வெப்பமானியால் காய்ச்சல் பார்த்தார். மருத்துவமனையில் யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்தார். இதற்கே பத்து நிமிடம் போயிற்று. நான் கொடுத்த பணத்தில் பாதியை இந்தப் பத்து நிமிடத்துக்கே கொடுத்ததாகக் கணக்கு வைக்கிறேன்.

பிறகு மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி அடியில் தலையணை வைத்தார். அப்படி வைத்தால்தான் வயிற்றுத் தசை தளரும். நைட்டியின் மேலேயே ஒரு துண்டு போர்த்தி, தேவையான இடத்தை மட்டும் விலக்கினார். என் கணவரையும் அறையிலேயே இருக்கச் சொன்னார். முதலில் உள்ளங்கையை வயிற்றின் நான்கு பக்கமும் வெறுமனே வைத்து, எங்கே நோகிறது, எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று கேட்டார். அடிவயிற்றின் இடப்பக்கம் தொட்டதும் நான் முகம் சுளித்ததைக் கவனித்து, இது பரிசோதனையின்போது அழுத்திப் பிடித்த நோவாக இருக்கலாம், இங்கே நான் கைவைக்கப் போவதில்லை, தானாகவே இரண்டு நாளில் போய்விடும் என்றார். மேலே நான் சொன்ன பிரித்தறியும் கை இதுதான்.

நீவும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள். பெருங்குடல் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, தொப்புளுக்கு மேலே குறுக்காக இடப்பக்கம் போய், அங்கிருந்து கீழிறங்குகிறது. ஆகவே கை போக வேண்டிய திசை, எதிரே நின்று வயிற்றைப் பார்ப்பவருக்கு, கடிகார முள் சுற்றும் திசை. ஆனால் அவர் வலப்பக்கத்தில் தொடங்கவில்லை. இடது விலாவின் கீழிருந்து, நோகும் இடத்துக்கு முன்னரே நிறுத்திக்கொண்டு, கீழ்நோக்கி மட்டும் பத்து முறை தடவினார். அடுத்து வலது விலாவிலிருந்து குறுக்காக இடப்பக்கம் வந்து கீழிறங்கினார். அதன் பிறகே வலது இடுப்பெலும்பின் அருகிலிருந்து தொடங்கி முழுச் சுற்று. வாசலை முதலில் திறந்துவிட்டால்தானே உள்ளே இருக்கிற கூட்டம் நகரும் அம்மா என்று அவர் விளக்கினார். மீனாட்சியம்மன் கோவில் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அழுத்தம் மிகக் குறைவு. நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை என்பதால், முதல் ஐந்து நிமிடம் இதற்கா பணம் என்றுதான் நினைத்தேன். எண்ணெய் கைவழுக்குக்குச் சில துளிகள். இளஞ்சூடான நல்லெண்ணெய், எங்கள் சமையலறையிலிருந்தே கேட்டு வாங்கினார். மூச்சை வெளியே விடும்போது மட்டும் கை நகர்ந்தது. பத்தாவது நிமிடத்தில் வயிற்றுக்குள் குடுகுடுவென்று ஓசை எழுந்தது. பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்பை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பவனமுக்தாசனம் செய்பவர்களுக்கு இது புதிதன்று. அதை ஒருக்களித்துச் செய்யும் வடிவம்தான். பிறகு எழுப்பி நடக்கச் சொன்னார். மாடி வராந்தாவில் அரைமணி நேரம் நடந்த பிறகு காற்று பிரிந்தது. நாகரிகம் கருதி இதற்குமேல் சொல்லவில்லை. குத்தல் முக்கால் பங்கு குறைந்தது. அன்றிரவு இடப்பக்கம் சாய்ந்து தூங்க முடிந்தது.

இந்த நிம்மதியை நீவியதன் கணக்கில் எழுதுவதா, நடந்ததன் கணக்கில் எழுதுவதா என்ற கேள்வியை நான் தவிர்க்கப் போவதில்லை. முதல் நாள் நான் நடக்கவே இல்லை. மயக்க மருந்தின் தள்ளாட்டம், வெறும் வயிறு, அலுப்பு எல்லாம் சேர்ந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தேன். ஒருநாள் முழுவதும் மல்லாந்து கிடந்தவளுக்குக் காற்று மேல் வளைவில் தங்கியதில் வியப்பில்லை. அன்று மாலையே, துணைக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே நடந்து, வெந்நீர் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்திருந்தால், பாதித் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இதைப் பிசியோதெரபிஸ்டிடமே சொன்னேன். மறுக்காமல், நடப்பதுதான் முதல் மருந்து, நீவுவது அதற்குத் துணை என்று ஒப்புக்கொண்டார். நிலையத்தின் விளம்பரத்தைவிட அவர் நேர்மையானவர்.

விளம்பரத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகும்போது ஒரு மடிப்புத்தாள் கொடுத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள், முழுவதும் ஆங்கிலம். என் மாமியாரைப் போன்றவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வயிறு நீவுதல் கல்லீரலைச் சுத்தப்படுத்தும் என்று ஒரு வரி. அது வெறும் கதை. மலச்சிக்கலைப் போக்கும் என்பது அறிவியலால் உறுதியானது என்று இன்னொரு வரி. அதுவும் அவ்வளவு எளிதன்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் குடல் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வயிறு நீவிக்கொண்டவர்களுக்கும் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே, முதன்மை அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வாரத்துக்கு எத்தனை முறை மலம் கழிகிறது என்பதில் மட்டும் சிறிய முன்னேற்றம் இருந்தது. அது வேறு நோய், வேறு நிலைமை. எனக்கு வந்தது தற்காலிகக் காற்று. ஆனால் உறுதியானது என்று அச்சடிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டையும் அச்சடிக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். ஒருமுறை வருவதற்கு 800 ரூபாய். ஐந்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் 3,500 என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே அதைத்தான் வலியுறுத்தினார்கள். நான் இரண்டு முறைக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். இரண்டாவது தேவையே இல்லை என்பது மறுநாள் தெரிந்துவிட்டது. மீதியிருந்த உப்புசம் காலை நடையிலேயே போய்விட்டது. காற்று நாலைந்து நாள் தங்கியிருந்தால் அது பிசியோதெரபிஸ்டிடம் அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. ஆகவே கொலோனோஸ்கோபிக்காக ஐந்துமுறைத் திட்டத்தை யாரும் வாங்க வேண்டாம். இரண்டாம் வருகையை வீணாக்க மனமில்லாமல், என் கணவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கற்றுக்கொடுத்தார். கணவருடைய கையை என் வயிற்றின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, இவ்வளவுதான் அழுத்தம், கண்ணிமையை அழுத்தினால் எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு என்றார். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதையும் குறையாகப் பதிவு செய்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், வந்தவருக்கு ஐந்து, நிலையத்துக்கு மூன்று. பாலிப் எடுக்காத, திசு எடுக்காத, மருத்துவமனையின் ஒப்புதல் பெற்ற ஒருவருக்கு, அதுவும் முதல் நாளே நடந்து பார்த்தும் விடாத உப்புசத்துக்கு, ஒரே ஒரு வருகை என்றால் நான் பரிந்துரைப்பேன். அடுத்த முறை எனக்குப் பரிசோதனை வரும்போது, நான் முதலில் தேடப்போவது இவர்களை அல்ல, கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தும் மருத்துவமனையை.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில் என் தம்பிக்கும் அதே பரிசோதனை நடந்தது. அவனுக்கு இரண்டு பாலிப்கள் இருந்தன, இரண்டையும் அன்றே வெட்டி எடுத்துவிட்டார்கள். மறுநாள் வயிறு உப்பியிருக்கிறது என்று சொல்லி, நான் கொடுத்த எண்ணில் அதே பிசியோதெரபிஸ்டை அழைத்திருக்கிறான். பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட இரத்தக்கசிவு வரலாம், இப்போது நான் கைவைக்க மாட்டேன், நடங்கள், உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள் என்று சொல்லி, அவர் வர மறுத்துவிட்டார். தம்பிக்கு வருத்தம். மாலையில் மீண்டும் அவரே அழைத்து, மருத்துவரிடம் பேசினீர்களா, இரத்தம் ஏதும் போகிறதா என்று விசாரித்தாராம்.